தம்பிதுரை சாரைப் பாராட்டிய வெள்ளிக்கிழமை

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாராட்டுக்கென்று ஒரே ஒரு சால்வைதான் உண்டு. சந்தன நிறம், ஜரிகைக் கரை. தலைமையாசிரியர் சென்னகேசவன் சார் வந்த வருடமே வாங்கியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசி பீரியடில் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, ஆசிரியர்களான எங்களில் ஒருவரை அழைத்து, அவர் அந்த வாரம் செய்த நல்ல காரியம் ஒன்றை மைக்கில் சொல்லி, அந்தச் சால்வையைப் போர்த்துவார். போர்த்திக்கொண்டவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், துவைத்து, தேய்த்து, திங்கள்கிழமை ஆபீஸ் பீரோவில் வைத்துவிட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அது வேறொரு தோளுக்குப் போகும்.

எனக்கும் ஒருமுறை கிடைத்தது. ஆய்வகத்தில் ஒட்டடை அடித்ததற்கு. நான் சமீரா, அறிவியல் டீச்சர். ஆர்.எஸ்.புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கருமத்தம்பட்டியில் இறங்கி, உள்ளே ஷேர் ஆட்டோவில் வந்து சேர்கிறவள். தினமும் இத்தனை தூரம் வருகிறேனே, அதற்கொரு சால்வை கிடையாதா, ஒட்டடைக்குத்தானா என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சென்னகேசவன் சார் சிரித்தார். கோபிக்கத் தெரியாத மனிதர். தெரிந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது என்று சில நாள் தோன்றும்.

சின்னப் பள்ளிக்கூடம். ஆறிலிருந்து பத்து வரை, வகுப்புக்கு ஒரு பிரிவு. ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம். திங்கள்கிழமை நீண்ட பிரேயர், செவ்வாய் காலையில் சிறுதேர்வு, வியாழன் இரும்புச்சத்து மாத்திரை, வெள்ளிக்கிழமை சால்வை. சுற்றிலும் விசைத்தறி ஓடுகிற தறிக் குடோன்கள். அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்பதே இல்லை. கரண்ட் போய் நின்றால்தான் என்னமோ குறைகிறதே என்று நிமிர்ந்து பார்ப்போம்.

இந்த மேசையில் ஜன்னலோர நாற்காலி தம்பிதுரை சாருடையது. கணக்கு வாத்தியார். உள்ளூர்க்காரர். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, டிவிஎஸ் மொபெட்டில் வந்து இறங்கும்போதே யாரையாவது திட்டிக்கொண்டுதான் இறங்குவார். அவர் திட்டுகிற விதமே தனி. கெட்ட வார்த்தை ஒன்று வராது. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ஏழாம் வகுப்புப் பையன் வாய்ப்பாட்டில் தடுமாறினால், "ஏனுங்க தம்பி, ராத்திரி நெம்ப வேலைங்களா? படிக்க நேரமில்லீங்களா? நாங்க வேணும்னா வந்து உங்களுக்குப் பதிலா எழுதிப்போடட்டுங்களா?" என்பார். பையன் வேர்த்துவிடுவான். பக்கத்து வகுப்பில் நான் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். பிள்ளைகளுக்கு அவரிடம் பயமும் உண்டு, அவர் லீவு போட்டால் வகுப்பு சப்பென்று இருக்கிறது என்ற குறையும் உண்டு.

காலையில் பள்ளிக்கு நேராக வரமாட்டார். தறித் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகள் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார். அங்கே அப்பா அம்மா இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வந்து படுத்திருப்பார்கள். பிள்ளைகளை எழுப்ப ஆள் இருக்காது. அந்தந்த வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தி ஹாரன் அடிப்பார். உள்ளேயிருந்து யாராவது தலையை நீட்டுகிறவரை விடமாட்டார். லைன் வீட்டில் அவருக்குப் பெயர் ஹாரன் வாத்தியார். இது அவருக்கும் தெரியும். காதில் விழாத மாதிரி இருந்துகொள்வார்.

இப்படிப்பட்டவருக்கு அந்தச் சால்வை அதுவரை போகவில்லை. தலைமையாசிரியர் ஒவ்வொரு மாதமும் கேட்பார். "அதுக்கென்னங்க சார், பாக்கலாங்க" என்பார் தம்பிதுரை சார். இந்தப் பக்கத்தில் ஒருவர் 'பாக்கலாங்க' என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேட்பது வீண். தலைமையாசிரியர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அடக்கமானவரைப் பாராட்டியே தீர்வது என்று மனதுக்குள் முடிவும் எடுத்துக்கொண்டார்.

பத்தாம் வகுப்பில் மௌனிகா என்றொரு பெண். கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்காருவாள். அம்மா கிருபாவுக்குத் தறிக் குடோனில் இரவு வேலை. அப்பா எப்போதோ போய்விட்டார், எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கிருபாவுக்குப் பஞ்சுத் தூசியில் மூச்சு இழுப்பு வந்துவிட்டது. தனியாக முழு ஷிப்ட் நிற்க முடியவில்லை. அதனால் மௌனிகாவும் கூடப் போய்த் தார் சுற்றிக் கொடுப்பாள். தார் என்றால், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் கண்டு. அது தீரத் தீரச் சுற்றிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அந்த வேலையைச் செய்துவிட்டு வருகிற பெண் முதல் பீரியடில் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியுமா? புத்தகத்தை நிறுத்திவைத்து அதன் பின்னால் தலையைச் சாய்த்துவிடுவாள்.

முதல் பீரியட் கணக்கு.

தம்பிதுரை சார் வகுப்பில் கொட்டாவி விட்டாலே அரை மணி நேரம் மரியாதையாகத் திட்டு விழும். ஆனால் அந்தக் கடைசி பெஞ்சின் பக்கம் அவர் கண் போகாது. அதோடு இன்னொன்றும் செய்தார். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸில் காலையில் நடத்திய கணக்கையே மறுபடி முதலிலிருந்து நடத்துவார். "உங்களுக்கெல்லாம் ஒருதடவை சொன்னா ஏறாதுங்க, மறுக்கா கேளுங்க" என்று வகுப்பு முழுவதையும் மக்காக்கிவிட்டு நடத்துவார். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். நானும்கூட, இந்த மனிதருக்கு ஏன் இந்த வீண் வேலை என்று நினைத்ததுண்டு. யாருக்காக என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தலைமையாசிரியர் ஒருநாள் முதல் பீரியடில் ரவுண்ட்ஸ் வந்தார். ஜன்னல் வழியே மௌனிகா தூங்குவதைப் பார்த்தார். தம்பிதுரை சார் அவளைத் தாண்டிப் போய் அடுத்த பெஞ்சு நோட்டைத் திருத்துவதையும் பார்த்தார். இடைவேளையில் வகுப்புத் தலைவன் பவனைக் கூப்பிட்டு விசாரித்தார். "அது தறிக்குப் போயிட்டு வருதுங்க சார். எழுப்ப வேண்டாம்னு சார் சொல்லியிருக்காருங்க" என்று பவன் சொல்லிவிட்டான். அறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார் சென்னகேசவன் சார். அது நிஜக் கண்ணீர். நான் பார்த்தேன், என்ன விஷயம் என்றுதான் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தம்பிதுரை சாரிடம் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. "சார், இங்க ஒரு நிமிஷம் வாங்க" என்று மேடைக்குக் கூப்பிட்டு, அவர் என்னவோ ஏதோ என்று வந்து நிற்பதற்குள் சால்வையைப் போர்த்திவிட்டார். பிள்ளைகள் ஹோ என்று கத்தினார்கள். திட்டு வாங்கினவர்கள் எல்லோரும் கை தட்டினால் சத்தத்துக்குக் கேட்கவா வேண்டும். அப்புறம் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம தம்பிதுரை சார் கோபக்காரர்னுதானே நெனச்சிட்டிருக்கீங்க? அவர் மனசு எப்படிப்பட்டதுன்னு சொல்றேன். நம்ம பத்தாம் வகுப்பு மௌனிகா, குடும்பக் கஷ்டத்தால ராத்திரியெல்லாம் தறியில வேலை செய்யறா. காலையில அந்தப் பொண்ணு வகுப்புல தூங்குது. சார் எழுப்பறதில்லை. ஒரு தகப்பன் மாதிரி தூங்க விடறார். மௌனிகா எங்க இருக்கே? எந்திரிச்சு நில்லு கண்ணு. எல்லாரும் பார்க்கட்டும்."

மௌனிகா எழுந்து நின்றாள்.

தம்பிதுரை சார் "இல்லீங்க சார், அது வந்துங்க" என்று ஆரம்பித்தார். மைக் தலைமையாசிரியர் கையில் இருந்தது. சால்வை தோளில் விழுந்துவிட்டால் ஒரு மனிதன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கையைக் கூப்பிக்கொண்டு நிற்கவேண்டும். எதிரில் நிற்பவர் நல்லது சொல்லிக்கொண்டிருக்கும்போது நிறுத்துங்கள் என்று சொல்லி மைக்கைப் பிடுங்க இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குக் கை வராது. அவர் கும்பிட்டபடியே நின்றார். முகம் மட்டும் கறுத்துவிட்டது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. தலைமையாசிரியர் மேலா? அவர் மனதில் ஒரு துளி கெடுதல் கிடையாது. ஒருவருடைய நல்ல குணத்தைச் சொல்வதற்கு இன்னொருவருடைய கஷ்டத்தை நடுவே நிறுத்திக் காட்டவேண்டியிருக்கிறதே, அதை அவர் யோசிக்கவில்லை. நாமும் எத்தனை மேடைகளில் யோசிக்காமல் கை தட்டியிருக்கிறோம். தம்பிதுரை சார் சால்வையை மடித்து மேசையில் வைத்துவிட்டு, நேராகப் பத்தாம் வகுப்புக்குப் போனார். மௌனிகா அதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தாள்.

திங்கள்கிழமை அவள் வரவில்லை. லைன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தும் கதவு திறக்கவில்லை என்றார் தம்பிதுரை சார். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது, ஹால் டிக்கெட் வரப்போகிற நேரம். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"ஏனுங்க டீச்சர், சாயங்காலம் பொழுதோட அந்தப் புள்ளையோட ஊட்டு வரைக்கும் போய்ட்டு வரோணும். பொம்பளப் புள்ள இருக்கற ஊடு. நீங்களும் கூட வந்தா நல்லாருக்குமுங்க" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சரி என்றேன்.

லைன் வீட்டில் கிருபா எங்களைக் கண்டதும் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க சார், வாங்க டீச்சர். டீ வெக்கட்டுங்களா?" என்றார். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. மகளை எப்போது அனுப்புவீர்கள் என்று நான் கேட்டதற்கு மட்டும், "பாக்கலாங்க டீச்சர்" என்றார். தம்பிதுரை சார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வார்த்தை அவர் மேல் திரும்பி வந்து விழுந்ததை நான் பார்த்தேன்.

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் மைக்கில் சொன்னது ஊருக்குள் போய்விட்டது. குடோன்காரர் பயந்துவிட்டார். பள்ளிப் பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கிறார் என்று நாளைக்கு யாராவது வந்து கேட்டால்? "இனிப் புள்ளையக் கூட்டிட்டு வர்றதுன்னா நீங்களும் வர வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க" என்றார் கிருபா. மகள் இல்லாமல் அவரால் தனியாக நிற்க முடியாது. ஆக வேலை போயிற்று. மௌனிகா திருப்பூரில் இருக்கிற அத்தையோடு தங்கிப் பனியன் கம்பெனியில் சேர்வதாக முடிவு. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போக அத்தை வருகிறாள்.

"பரிட்சை?" என்றேன்.

கிருபா மகள் பக்கம் திரும்பினார். மௌனிகா சமையல் மேடை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். தம்பிதுரை சார் அவளிடம் நேராகப் பேசினார்.

"ஹெச்.எம். சார் சொன்னது தப்பு கண்ணு. நான் தடுத்திருக்கோணும்."

அவள் நிமிர்ந்தாள். "நான் தூங்கறது யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேனுங்க சார். புஸ்தகத்த நிறுத்தி மறைச்சு வெச்சுத்தான தூங்கறேன், சாருக்குத் தெரியலைன்னு நெனச்சேன். நீங்க பாவம்னு உட்டிருக்கீங்க. எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குது. எனக்கு மட்டுந்தான் தெரியலைங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

"அன்னிக்கு எல்லாரும் கை தட்டினாங்களே சார், நானும் தட்டினேனுங்க. எல்லாரும் தட்டறப்ப நான் மட்டும் எப்படிங்க சும்மா நிக்கறது?"

கிருபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டார். தம்பிதுரை சார் சொன்னார்:

"டீச்சருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அது எங்கண்ணன் குடோனு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தெரியுமுங்க சார்" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதனாலேயே கேட்கச் சகிக்கவில்லை.

வெளியே வந்ததும் அவராகவே பேசினார். அண்ணன் அரங்கசாமி ஒற்றைத் தறியில் ஆரம்பித்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பை விட்டுவிட்டுத் தறியில் நின்று தம்பியைக் காலேஜுக்கு அனுப்பியவர். பூமி பாகப் பிரிவினையில்கூட நல்ல பக்கத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தவர். அந்த அண்ணன் முன்னால் இவர் உட்கார்ந்து பேசியது கிடையாது. எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னது கிடையாது.

"எங்கண்ணன் தறியில ராத்திரி முழுக்க வேலை செஞ்சுபோட்டு வர்ற புள்ளைய என்ற கிளாஸ்ல தூங்க உட்டேன். அங்க போய் ஒரு வார்த்தை கேக்க எனக்கு வாய் வரலை. இங்க எழுப்பாம உட்டா சரியாப் போச்சுன்னு இருந்துட்டேன். இதுக்குத்தானுங்க டீச்சர் சால்வை போட்டாங்க."

நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு அது வராது. "சரி, இப்ப கேக்கறீங்களா?" என்றேன்.

குடோன் அடுத்த தெருவில்தான். அவர் உள்ளே போனார், நான் வாசலில் நின்றேன். தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது அடுத்தவருக்கு விழாது. காதருகே வாயை வைத்துக் கத்தவேண்டும். அதனால் அண்ணன் தம்பி இருவருக்கும் நடந்த ஒரே சண்டையை நான் கண்ணால்தான் பார்த்தேன். அரங்கசாமி பாவு நூலைச் சரிசெய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தம்பிதுரை சார் முதலில் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். குனிந்து அண்ணன் காதில் ஏதோ சொன்னார். அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி சொன்னார். அண்ணன் கையை ஓங்கி, வாசல் பக்கம் காட்டினார். தம்பிதுரை சார் கட்டியிருந்த கையைப் பிரித்தார். அப்புறம் அவர் வாய் மட்டும் நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் திட்டுகிற முகம் அல்ல அது. அழுகிறவர் முகம்.

கொஞ்ச நேரத்தில் அரங்கசாமி வெளியே வந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சு. "ஏனுங்க அம்மிணி, நீங்கதான் கூட வந்த டீச்சருங்களா?" என்று என்னைக் கேட்டார். "நான் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கலீங்க. அந்தம்மாதான் புள்ளைய வெச்சுக்கறேன்னு கெஞ்சினாங்க. பாவமேன்னு உட்டேன். என்ற தம்பியும் பாவம்னுதான் உட்டானாமா. இப்ப என்னைய மட்டும் கேக்கறான்."

அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"கிருபாம்மாளைப் பகல்ல துணி மடிப்பு வேலைக்கு வரச்சொல்லுங்க. அங்க தூசி கம்மி, உக்காந்து செய்யலாம். புள்ள குடோன் பக்கம் வரக்கூடாது" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். பின்னால் வந்து நின்ற தம்பியை அவர் பார்க்கவில்லை. "உங்க சாரை இனி இங்க வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். நடுவில் நான் நின்றேன். சொல்வதற்கு என்ன இருக்கிறது, தம்பிதுரை சார் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்.

மறுநாள் தலைமையாசிரியருக்கு எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். மனிதர் இடிந்துபோய்விட்டார். "வர்ற வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்" என்றார்.

"மறுக்கா மைக்கு வேண்டாமுங்க சார்" என்றார் தம்பிதுரை சார். "அந்தப் புள்ளையக் கும்பிட்டுக் கேக்கறேன், இன்னொருக்கா எந்திரிச்சு நிக்க வெச்சுப்போடாதீங்க."

சென்னகேசவன் சார் அன்று மாலை தனியாக லைன் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தார் என்று பிற்பாடு கிருபா சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை யாருக்கும் சால்வை போர்த்தவில்லை. கடைசி பீரியடில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டோம்.

மௌனிகா உடனே சம்மதித்துவிடவில்லை. அம்மாவுக்குப் பகல் வேலை கிடைத்தது, அத்தைக்கும் வரவேண்டாம் என்று போன் பேசியாகிவிட்டது. அப்போதும் பள்ளிக்கூடம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பிதுரை சார் வாசலில் மொபெட்டை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், இறங்கி நின்று கேட்டாராம்: "என்ன செஞ்சா வருவே கண்ணு?"

"நான் தூங்கினா எழுப்போணுங்க சார். எல்லாத்தையும் திட்டற மாதிரி என்னையும் திட்டோணும். திட்டறீங்கன்னாச் சொல்லுங்க, வாரேன்."

"திட்டறேன்" என்றிருக்கிறார்.

சொல்லிவிட்டு என்னிடம் வந்து புலம்பினார். அந்தப் பெண்ணை எப்படித் திட்டுவது? வாயில் வருமா? "வாரத்துக்கு நூறு பேரைத் திட்டறீங்க, நூத்தியொண்ணு ஆகட்டும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

திங்கள்கிழமை அவள் வந்தாள். அதே கடைசி பெஞ்சு, அதே சுவரோரம். வகுப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். பவன் மட்டும் போன வாரக் கணக்கு நோட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டான். அன்று அவள் தூங்கவில்லை. அடுத்த நாளும் தூங்கவில்லை. கண்ணை விரித்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மாதக்கணக்கில் இரவை விழித்தே கழித்த உடம்பு, படுக்கை கிடைத்துவிட்டது என்றவுடன் கணக்குத் தீர்த்துவிடுமா? வியாழக்கிழமை முதல் பீரியடில் தலை சாய்ந்துவிட்டது.

எனக்கு அந்தப் பீரியட் வகுப்பில்லை. மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு வராந்தாவில் வந்தவள் ஜன்னலருகே நின்றுவிட்டேன். பலகையில் இருபடிச் சமன்பாடு பாதியில் நின்றிருந்தது. வகுப்பு முழுவதும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் அவள் தூங்குவது தெரிகிறது. எல்லோரும் அவரைத்தான் பார்க்கிறார்கள். அவர் கடைசி பெஞ்சுக்கு நடந்து போனார். பெஞ்சைத் தட்டக் கையைத் தூக்கினார். கை அப்படியே நின்றது. புத்தகத்துக்குப் பின்னால் அவள் வாயைத் திறந்துகொண்டு சின்னக் குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். இவர் செய்யமாட்டார், திரும்பிவிடப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பிவிட்டால் நாளைக்கு அவள் வரமாட்டாள் என்றும் நினைத்தேன்.

பெஞ்சில் ஓங்கித் தட்டினார்.

"ஏனுங்க மௌனிகாம்மிணி! இது பள்ளிக்கூடமுங்களா, உங்க ஊடுங்களா? தலகாணி கொண்டாரச் சொல்லட்டுங்களா? எந்திரிங்க! போய்ப் பலகையில மிச்சத்தைப் போடுங்க, நாங்களும் பாத்துக் கத்துக்கறோம்!"

அவள் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தாள். கன்னத்தில் புத்தக அட்டையின் தடம். பலகைக்குப் போய்க் கணக்கைப் போட்டாள். தப்பாகப் போட்டாள். அதற்கும் திட்டு விழுந்தது, முதல் திட்டைவிட நீளமாக. முன் பெஞ்சில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் ஒன்று விழுந்தது. மௌனிகா அழித்துவிட்டு மறுபடி போட்டாள். இந்த முறை சரியாக வந்தது. "ம், போய் உக்காருங்க" என்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்து, எழுத ஆரம்பித்தாள்.

மணி அடித்ததும் அவர் வராந்தாவுக்கு வந்தார். என்னைப் பார்த்துவிட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நல்லாத் திட்டினேனுங்களா, டீச்சர்?" என்றார்.

"நெம்ப நல்லாத் திட்டினீங்க சார்" என்றேன்.

யார் பாராட்டினாலும் இல்லீங்க, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க என்று தள்ளிவிடுகிற மனிதர், அன்றைக்கு மட்டும் மறுக்காமல் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போனார்.